தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒகேனக்கல்: கிராவல் சைக்கிளில் காவிரிக்கு இறங்க ஒரு கையேடு

ஓசூர் மேட்டு நிலத்திலிருந்து காவிரிக்கு இறங்கும் வழிகளில் கிராவல் சைக்கிளுக்கு (மண், சரளைப் பாதைகளிலும் ஓடும், தடித்த டயர் போட்ட சைக்கிள்) நன்றாகப் பொருந்துவது தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல் வழி. பிரதான சாலையில் மட்டும் போனால் சுமார் 65 கி.மீ. புறப்படும் இடம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குப் பக்கம். ஒகேனக்கல் 250 மீட்டரை ஒட்டி. இறக்கம்தானே என்று இந்த வழியை லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். கீழே போகப் போக வெயில் ஏறும், முள் கூடும், ஆள் நடமாட்டம் குறையும். டயரில் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறீர்கள் என்ற இரண்டும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதே.

முதலில் பாதையைப் பற்றித் தெளிவு வேண்டும். மலையிறங்கும் பிரதான வழி தார்ச்சாலை. மண் பாதை கிடைப்பது மேட்டு நிலத்தில்தான்: தேன்கனிக்கோட்டையைச் சுற்றி ஊருக்கு ஊர் இணைக்கும் பஞ்சாயத்துச் சாலைகள், ஏரிக்கரைகள், ராகிக் கொல்லைகளுக்கு நடுவே ஓடும் வண்டித் தடங்கள். காலையில் 15 முதல் 20 கி.மீ. வரை இவற்றில் சுற்றிவிட்டு அஞ்செட்டி சாலையைப் பிடிக்கலாம். காட்டுக்குள் பிரியும் ஜீப் தடங்கள் எவ்வளவு ஆசை காட்டினாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் இந்தப் பக்கத்தில் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்தில் பொதுச்சாலையை விட்டு விலகி அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வரைபடச் செயலியில் கோடு தெரிகிறது என்பதற்காக அது பொதுவழி ஆகிவிடாது.

டயரும் காற்றும்

40 மி.மீ. அகல டயர் போதும், 45 இருந்தால் கை வலி குறையும். உள்ளே டியூப் இல்லாத ட்யூப்லெஸ் டயராக இருந்தால், 70 கிலோ எடையுள்ளவர் 45 மி.மீ. டயருக்கு முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று தொடங்கலாம். 40 மி.மீ. என்றால் முன்னால் 33, பின்னால் 36. எடை 5 கிலோ கூடினால் 1 பிஎஸ்ஐ கூட்டுங்கள். டியூப் போட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு 5 சேருங்கள். இல்லையென்றால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். சரளையில் சக்கரம் துள்ளிக்கொண்டே போனால் காற்று அதிகம். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் குறைவு. இரண்டுக்கும் நடுவே உங்கள் அளவை 2 பிஎஸ்ஐ கூட்டிக் குறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

விடியற்காலைக் குளிரில் அடித்த காற்று மதியம் அப்படியே இருக்காது. 20 டிகிரியில் 30 பிஎஸ்ஐ இருந்த டயர், வெயிலில் 40 டிகிரி ஆனதும் ஏறக்குறைய 33 காட்டும். எனவே சைக்கிளை நிழலில் நிறுத்துவதும் பராமரிப்பில் சேர்த்தி.

ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், ஓட்டையைத் தானே அடைக்கும் திரவமான சீலன்ட் 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி., 45க்கு 80 மி.லி. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மாதத்திலேயே அது காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்காவிட்டால் புதிதாக ஊற்றத்தான் வேண்டும்.

முள்

இந்த வழியில் பஞ்சருக்குப் பெரும்பாலும் முள்தான் காரணம். சாலையோரம் வேலிக்கு வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள் காய்ந்தபின் ஆணி மாதிரி நிற்கும். சைக்கிளைச் சாய்த்து வைக்க ஓரம் ஒதுங்கும் இரண்டடி தூரத்தில்தான் பெரும்பாலும் ஏறுகிறது. ஓரத்தில் உருட்டாதீர்கள், தூக்கி வையுங்கள்.

ட்யூப்லெஸ் டயரில் முள் ஏறினால் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை அடிப்பக்கம் வருமாறு சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வெள்ளைக் குமிழி வந்து அடங்கினால் முடிந்தது. அடங்காவிட்டால் பிளக் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் துண்டு) குத்த வேண்டும்.

டியூப் டயரில் வேலை கூடுதல். டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தை விரலால் தடவாதீர்கள். பழைய பருத்தித் துணியை உள்ளே விட்டு வட்டமாக இழுத்தால், முள்ளின் நுனி இருக்கும் இடத்தில் நூல் சிக்கி நிற்கும். வெளியே தெரியும் பகுதி முறிந்து விழுந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் நுனி மட்டும் டயர் நூலுக்குள் புதைந்து, அழுத்தினால்தான் உள்ளே எட்டிப் பார்க்கும். வெளிப்பக்கத்தைக் கட்டைவிரலால் மடக்கிப் பிடித்து, நகவெட்டியோ சிறிய இடுக்கியோ கொண்டு உள்ளிருந்து இழுங்கள். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதே இடத்தில் அடுத்த பஞ்சர்.

அஞ்செட்டிக்குக் கீழே உங்கள் அளவு டியூப் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஊர்க் கடைகளில் இருக்கும் சாதா சைக்கிள் டியூபை மடித்துத் திணித்தாவது ஓட்டலாமே என்றால், பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வுக்குத் துளையிட்ட ரிம்மில் அதன் தடித்த வால்வு நுழையாது. ஆகவே ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டு, பிளக், கைப்பம்ப். கூடவே பிரெஸ்டா வால்வை மோட்டார் சைக்கிள் வால்வு அளவுக்கு மாற்றும் பித்தளை அடாப்டர் ஒன்று; அது இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம்.

எப்போது, எத்தனை மணிக்கு

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் போக வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் மேட்டு நிலம் இதமாக இருந்தாலும், கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓடாது, ஆற்றோரம் நிற்கவும் விடமாட்டார்கள். முந்தின நாள் செய்தியில், தமிழக எல்லையில் காவிரி நீர் அளக்கும் பிலிகுண்டுலுவின் நீர்வரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குளிர்காலத்தில் ஒரு சிக்கல் உண்டு. ராகி அறுவடை நடக்கும் அதே காலத்தில்தான் கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இங்கே வருகின்றன. ஆறு மணிக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் காட்டுச் சாலையில் இருக்கக் கூடாது. நன்கு விடிந்தபின் மேட்டு நிலத்து மண் பாதைகளைத் தொடங்கி, 9 மணிக்குள் அஞ்செட்டி சாலையில் இறங்கி, 11 மணிக்குள் அஞ்செட்டியில் இருந்தால் கணக்கு சரி. அங்கே 12 மணியைத் தாண்டிவிட்டால் மீதிப் பயணத்தை விட்டுவிட்டுப் பஸ்ஸோ மினி லாரியோ பாருங்கள்.

டீக்கடையில் வழியை மட்டும் கேட்காதீர்கள். “ஆனை எந்தப் பக்கம் நிக்குதுண்ணா?” என்றும் கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் அது. சாலையில் ஈரம் காயாத யானை லத்தி (சாணம்), புதிதாக முறித்த கிளை, மூங்கில் உடையும் சத்தம் இவற்றில் எது தென்பட்டாலும் நின்றுவிட வேண்டும். சைக்கிளில் சத்தம் இல்லை என்பதே ஆபத்து: வளைவில் திரும்பும்போது யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. கண்ணெதிரே நின்றால் மணி அடிக்காமல், கத்தாமல், வந்த வழியே திரும்பிப் போய், பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதை ஒட்டிக் கடந்துவிடுங்கள். இயர்போன் வேண்டவே வேண்டாம்.

இறக்கம்

அஞ்செட்டி இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் வரும். வளைவின் உள்பக்கத்தில் மழை அரித்துக் கொண்டுவந்த சரளை சிதறிக் கிடக்கும். வேகத்தை முழுவதும் வளைவுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்து இருக்கும்போதே குறைத்துவிடுங்கள். சாய்ந்தபின் முன் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் வழுக்கும். அதை மீட்க நேரம் கிடைக்காது. வெளிப்பக்கக் கால் கீழே, அதில் உடல் எடை, கைகள் வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் பிரேக் கொதித்துப் பிடிமானம் குறையும். அழுத்தமாகப் பிடித்து முழுதாக விடுவதே சரியான முறை. பிரேக் பேட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால் வீட்டிலேயே மாற்றிவிட்டு வாருங்கள்.

மணல் தென்பட்டால் முன்கூட்டியே ஒரு கியர் கனமாக்கி, எடையைப் பின்னுக்குத் தள்ளி, கையைத் தளர்த்தி, மிதியை நிறுத்தாமல் போங்கள். திருப்ப நினைத்தால் விழுவீர்கள்.

தரைப்பாலங்களில் மெல்லிய நீர் ஓடினாலும் அடியில் பாசி இருக்கும். நேராக, பிரேக் தொடாமல், மிதிக்காமல் உருண்டு கடக்கலாம். சந்தேகம் என்றால் இறங்கித் தள்ளுங்கள். அஞ்செட்டிப் பக்கம் தொட்டஹள்ளாவும் மற்ற காட்டாறுகளும் மேலே மலையில் பெய்த மழைக்குக் கீழே பெருகுபவை. உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பதை நம்ப முடியாது. ஓடும் தண்ணீர் கலங்கி, முழங்காலை எட்டினால் கடக்கவே கூடாது. வடியும்வரை காத்திருங்கள்.

தண்ணீர், பெண்ணாகரம் ஏற்றம்

600 மீட்டர் இறங்கினால் வெப்பம் சுமார் 4 டிகிரி கூடும். மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்தாலும் ஆறு மணி நேரத்துக்கு நாலரை லிட்டர் தேவை. 750 மி.லி. பாட்டில் இரண்டு, முதுகுப்பையில் 2 லிட்டர். அஞ்செட்டியில் எல்லாவற்றையும் நிரப்புங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலை கனத்துக் குமட்டும். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டாவது கையில் இருக்கட்டும்.

ஒகேனக்கல்லில் பயணத்தை முடிக்காதவர்களுக்குப் பெண்ணாகரம் ஏற்றம் சுமார் 16 கி.மீ., அதுவும் காட்டுக்குள். மதிய வெயிலில் தொடங்கினால் பாதியில் நிற்பீர்கள். மூன்றரைக்கு மேல் தொடங்கினால் யானை நேரத்தில் மாட்டுவீர்கள். இடையில் இருக்கும் நேரம் குறுகியது. முன், பின் பல்சக்கரங்களில் பல் எண்ணிக்கை சமமாக வரும் கியர் இல்லாத சைக்கிளில் இதை முயல வேண்டாம். மீன் வறுவல் கடைகளைத் தாண்டியதும் மிக லேசான கியருக்கு மாறி, உட்கார்ந்தபடியே மிதியுங்கள். எழுந்து மிதித்தால், சாலையோரச் சரளையில் பின்சக்கரம் வெறுமனே சுழலும்.

வீடு வந்ததும் சைக்கிளைக் கழுவும் முன் இரண்டு டயரையும் வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கருப்புப் புள்ளியாகத் தெரியும் முள் நுனிகள் அதில் இருக்கும். ட்யூப்லெஸ் என்றால் சீலன்ட் அவற்றை அடைத்து வைத்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அடைபடுகிறதா என்று பார்த்து, மறுநாள் காலை காற்றை அளந்து பாருங்கள்.