கரமடியிலிருந்து ஒரு பாடம்: அன்றாட வாழ்விலிருந்து விசுவாசச் செய்தி தயாரிக்கும் முறை

வீட்டு ஜெபத்திலோ அன்பியக் கூட்டத்திலோ "இன்றைக்கு நீங்கள் ஓர் ஐந்து நிமிடம் பேசுங்கள்" என்று முதல்முறையாகக் கேட்கப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வுநாள் பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இது உதவும்.

பலரும் உடனே கைப்பேசியை எடுத்து ஒரு கதையைத் தேடுகிறார்கள். பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டின் ரயில் பாலம், வயதான கழுகு, உடைந்த பானை என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடுகிறது. கேட்க வந்தவர்கள் அதைப் பல இடங்களில் கேட்டிருப்பார்கள். குமரி மாவட்டத்தில் பிறந்தவருக்கு அந்தக் கடன் எதற்கு? தோவாளையில் பூச்சந்தை இருக்கிறது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் கண்ட வயல்கள். மணக்குடியிலிருந்து நீரோடி வரை கடற்கரை. இயேசு பேசியதும் விதை, வலை, புளித்த மா, காணாமற்போன வெள்ளிக்காசு என்று கேட்டவர்களின் கைக்குப் பழகிய பொருட்களைப் பற்றித்தானே!

எல்லாப் படிகளுக்கும் அடியில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். அந்தத் தொழிலைச் செய்கிறவர் உங்கள் எதிரே உட்கார்ந்து கேட்டால், "ஆமாம், இப்படித்தான்" என்று தலையசைக்க வேண்டும். அவர் முகம் சுளித்தால் அந்தப் பாடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பொருளைப் பற்றியே தவறாகச் சொல்கிறவர் கடவுளைப் பற்றிச் சொல்வதை யார் நம்புவார்கள்?

முதல் படி: ஒரே ஒரு பொருள்

இந்த வாரம் உங்கள் கண்ணால் பார்க்க முடிகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "கடல்" என்று எடுக்காதீர்கள், அது பெரிது. கடற்கரையில் நடக்கும் ஒரு வேலையை எடுங்கள். இங்கே நான் கரமடியை, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையை, எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: கடவுள் பெயர் வராமல் எழுதுங்கள்

புதியவர்கள் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். எனக்கு இதுதான் மிக முக்கியம். ஒரு நோட்டில் நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஆசீர்வாதம், பாவம், இரட்சிப்பு ஆகிய சொற்கள் இப்போதைக்கு வர வேண்டாம். என்ன நடக்கிறது, யார் செய்கிறார்கள், எது முதலில், எது பிறகு என்பது மட்டும் போதும்.

கரமடி என்றால் இப்படி எழுதலாம். நீண்ட கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஒரு கூட்டம் பிடித்துக்கொள்கிறது. வள்ளம் கயிற்றையும் வலையையும் கடலில் விட்டபடியே அரைவட்டமாகச் சுற்றிவந்து, மறுமுனையைச் சற்றுத் தள்ளிக் கரையில் சேர்க்கிறது. வலையின் நடுப்பகுதி பைபோல இருக்கும், அதுதான் மடி. பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்கிறார்கள். கயிறு கரையேற ஏற, இரண்டு வரிசைகளும் மணலில் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. இது நெடுநேர வேலை. மடி கரைக்கு வரும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மடியைத் திறந்தால் நெத்திலியும் சாளையும் வாளையும் இருக்கலாம். அவற்றோடு சொறி என்னும் ஜெல்லி மீனும், பேத்தை என்னும் ஆகாத மீனும், பாசியும் வரும், இப்போதெல்லாம் பிளாஸ்டிக் பையும் வரும். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். ஏலம் அதற்கும் பிறகு.

இதை எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பாடம் எதுவும் இன்னும் இல்லை. இருக்கவும் கூடாது.

மூன்றாம் படி: செய்கிறவரிடம் கேளுங்கள்

வலை இழுக்கும் அண்ணன்மாரிடமோ, மீன் பிரிக்கும் அக்காமாரிடமோ போய்க் கேளுங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் போகாதீர்கள், அது அவர்களுடைய அன்றைய பிழைப்பு. வலையைக் காயப்போட்டுக் கிழிசல் தைக்கிற நேரம் நல்லது. மூன்று கேள்விகள் போதும். இந்த வேலையில் எது கடினம்? எப்போது கெட்டுப்போகும்? புதிதாக வருகிறவருக்கு என்ன தெரியாது?

இந்தப் படியை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரப்பர் மரம் போதும். "மரத்தை வெட்ட வெட்டத்தான் பால் வரும், அதுபோலத் தேவன் நம்மை ஆழமாகக் காயப்படுத்தும்போதுதான் நம்மிடமிருந்து நன்மை வரும்" என்று சொல்லிவிட வாய் தானாகவே வரும். பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் அதைக் கேட்டால் என்ன சொல்வார்? அதிகாலைக் குளிரில் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர் அவர். முந்தைய வெட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, பட்டையை மெல்லிய சீவலாக மட்டும் எடுப்பார். கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே சரியாக வெட்ட முடியாது. மரத்துக்கு ஓய்வு தர வேண்டும் என்பதற்காக ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதும் உண்டு. ஆக, ஆழமாக வெட்டுகிறவர் மரத்தைக் கெடுக்கிறவர். எந்த இடத்தில் கத்தியை நிறுத்துவது என்று தெரிந்தவர்தான் நல்ல வெட்டுக்காரர்.

பாடம் தலைகீழாகிவிட்டது பாருங்கள். இப்போது உங்களுக்கு நினைவுக்கு வர வேண்டிய வசனம் ஏசாயா 42:3. "அவர் நெரிந்த நாணலை முறியாமலும், மங்கியெரிகிற திரியை அணையாமலும்" நடக்கிறவர். நொந்துபோன ஒரு தாயார் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், முதல் பாடம் அவரை இன்னும் நோகடிக்கும். இரண்டாவது அவரைத் தாங்கும். வித்தியாசம், தோட்டத்தில் போய்க் கேட்டதால் வந்தது.

நான்காம் படி: வேதபகுதி

பொருளுக்கு ஏற்ற வசனத்தைத் தேடும்போது சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். "வலை" என்று தேடினால் சங்கீதங்களில் நிறையக் கிடைக்கும். அங்கே பெரும்பாலும் எதிரிகள் மறைவாக வைக்கும் வலைதான் பேசப்படுகிறது. நம் கரமடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செயலைத் தேடுங்கள். கடலில் போட்டு, கரைக்கு இழுத்து, உட்கார்ந்து பிரிக்கும் வலை எங்கே வருகிறது? மத்தேயு 13:47, 48.

"பரலோகராஜ்யம் கடலிலே போடப்பட்டு, சகலவிதமான மீன்களையும் சேர்த்து வாரிக்கொள்ளும் வலைக்கு ஒப்பாயிருக்கிறது. அது நிறைந்தபோது, அதைக் கரையில் இழுத்து, உட்கார்ந்து, நல்லவைகளைக் கூடைகளில் சேர்த்து, ஆகாதவைகளை எறிந்துபோடுவார்கள்."

கலிலேயாவில் சொன்னது, குளச்சல் கரையில் நின்று சொன்னதுபோலவே இருக்கிறது. ஆனால் வசனம் கிடைத்த சந்தோஷத்தில் வேதத்தை மூடிவிடாதீர்கள். முன்னும் பின்னும் வாசியுங்கள். அடுத்த இரண்டு வசனங்கள் உலகத்தின் முடிவைப் பற்றிப் பேசுகின்றன. பிரிக்கிறவர்கள் தேவதூதர்கள் என்று அங்கே தெளிவாக இருக்கிறது. அதே அதிகாரத்தில் சற்று மேலே போனால் கோதுமையும் களையும். "அறுப்புமட்டும் இரண்டையும் வளரவிடுங்கள்" என்கிறார் வீட்டெஜமான். இரண்டு உவமைகளும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

ஐம்பதாம் வசனம் கடுமையானது. அக்கினிச்சூளையும் அழுகையும் பற்கடிப்பும் அதில் இருக்கின்றன. அது இல்லாததுபோல நடந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை. பிரிக்கும் நாள் ஒன்று உண்டு என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். அதைச் சொல்லாமல் "எல்லாரையும் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று மட்டும் முடித்தால் நாம் பாதி வேதத்தைத்தான் வாசித்திருக்கிறோம்.

ஐந்தாம் படி: ஒரு வாக்கியம்

இப்போது நோட்டையும் வேதத்தையும் பக்கத்தில் வைத்து, சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எனக்கு இப்படி வந்தது: இழுப்பது நம் வேலை, பிரிப்பது நம் வேலை அல்ல.

இழுத்துக்கொண்டிருக்கும்போது எந்த மீனவரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் மடிக்குள் கையைவிட்டுப் பேத்தையைப் பொறுக்கி எறிவதில்லை. அப்படிப் போனால் அந்தப் பக்கத்து வரிசை தளர்ந்துபோகும். மடி இன்னும் தண்ணீரில் இருக்கிறது. உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாது.

இதை ஒரு வாழ்க்கைச் சூழலில் மட்டும் பொருத்துங்கள். நெடுநாள் குடித்துத் திரிந்த ஒருவர் முதல்முறையாக ஆலயத்தின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார். நாம் திரும்பிப் பார்க்கிற ஒரு பார்வை இருக்கிறதே, அது பிரிக்கிற பார்வை. "எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பது பிரிக்கிற பேச்சு. தூதர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலையை நாம் நேரமாகுமுன் எடுத்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் கயிற்றை விட்டுவிட்டோம் என்பது நமக்குத் தெரிவதில்லை.

இரண்டு வரிசைகளும் நெருங்கி வருவதைப் பார்த்து ஒற்றுமையைப் பற்றியும் சொல்லத் தோன்றும். வள்ளத்தைப் பார்த்தால் ஊழியத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றும். அவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்த வேதபகுதி அவற்றைப் பேசவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒன்றுக்குத்தான் இடம்.

ஆறாம் படி: தொடக் கூடாத இடம்

இந்த மாவட்டத்தில் பேசுகிறவர் இதை மனதில் வைக்காமல் வாயைத் திறக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கரையை அடித்தது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் நம் கூட்டங்களில் இருக்கிறார்கள். "தேவன் இதை ஏன் அனுமதித்தார் தெரியுமா?" என்று தொடங்கி ஒரு காரணத்தைச் சொல்லிப் பாடமாக்குவது கொடுமை. அது வேதத்துக்கும் விரோதம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டார் (லூக்கா 13:4). அந்த எண்ணத்தை அவரே மறுத்தார்.

துக்கத்தில் இருப்பவருக்கு எப்படி வேதத்தைத் திறப்பது என்பதற்கு நம் மண்ணிலேயே வழி இருக்கிறது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, கால்நடையும் பயிருமாக அடுத்தடுத்து இழந்து மனமுடைந்திருந்த காலத்தில், 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த தெ லனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனவர் அவர்தான். 1752-இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

தெ லனாய் எடுத்த புத்தகம் எது என்று கவனியுங்கள். யோபுவின் துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொன்ன நண்பர்களைப் பார்த்து, "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கர்த்தரே கோபப்பட்ட புத்தகம் அது (யோபு 42:7). அந்த நண்பர்கள் சரியாகச் செய்தது ஒன்று உண்டு: வந்தவுடன் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் ஒரு சங்கீதத்தை வாசித்து ஜெபித்துவிட்டு உட்காருங்கள். அங்கே கரமடியும் வேண்டாம், ரப்பரும் வேண்டாம்.

ஏழாம் படி: சொல்லும் முறை

பொருளில் தொடங்குங்கள், பிறகு வேதபகுதியை வாசியுங்கள், பிறகு அந்த ஒரு வாக்கியம், பிறகு ஒரு சூழல், கடைசியில் ஜெபம். கையெழுத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள். காகிதத்தைப் பார்த்து வாசிக்காமல் பேசப் பழகுங்கள். வசனத்தை மட்டும் வேதத்தைப் பார்த்தே வாசியுங்கள்.

எங்கே பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும். அருமனையில் கரமடியைச் சற்று விளக்க வேண்டியிருக்கும். முட்டத்தில் விளக்கப் போகாதீர்கள். அங்கே இருக்கும் ஒரு பெரியவரிடம், "கரமடி இழுக்கும்போது நடுவில் ஒருவர் கயிற்றை விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டு அவரையே பேசவிடுங்கள். அவர் சொல்வது உங்கள் ஒன்றரைப் பக்கத்தைவிட நன்றாக இருக்கும்.

அடுத்த வாரத்துக்கு ஒரு பயிற்சி. முப்பந்தல் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றையும் காற்றாலைகளையும் பார்த்திருப்பீர்கள். "காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது" என்ற யோவான் 3:8 உடனே வாய்க்கு வரும். வரட்டும், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். காற்று எந்த மாதங்களில் பலமாக வீசுகிறது, காற்று இல்லாத நாளில் இறக்கைகள் என்ன செய்கின்றன, காற்றின் திசைக்கு ஏற்ப அவை எப்படித் திரும்புகின்றன என்று அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். அதன்பிறகு, இரவில் நிக்கொதேமு வந்ததிலிருந்து அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். எழுதிய பக்கத்தின் மேல் தேதியையும், எந்தக் கூட்டத்தில் சொன்னீர்கள் என்பதையும் குறித்து வைத்தால், அதே வீட்டு ஜெபத்தில் அதே பாடத்தை மறுபடி சொல்ல நேராது.