வீட்டு அப்ரைசலைக் குறைத்துப் போட்டால் என்ன செய்வது?

மேரிலாந்தில் எங்கள் பக்கத்து வீட்டம்மா கறுப்பினத்தவர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ரீஃபைனான்ஸுக்காக, அதாவது வீட்டுக் கடனைப் புதுக் கடனாக மாற்றுவதற்காக, வீட்டை மதிப்பிட வந்த அப்ரைசர் அவர் வீட்டுக்குப் போட்ட மதிப்பு, எங்கள் தெருவில் அதே அளவு வீடு விற்ற விலையைவிட 70,000 டாலர் குறைவு. "கூடத்தில் மாட்டியிருக்கிற குடும்பப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்" என்றார் அந்த அம்மா. எனக்கு அது வீண் சந்தேகமாகப் படவில்லை. பால்டிமோரில் 2021இல் ஒரு கறுப்பினப் பேராசிரியர் தம்பதியின் வீட்டுக்கு 472,000 டாலர் போட்டார்கள். சில மாதம் கழித்து, குடும்பப் படங்களைக் கழற்றிவிட்டு, வெள்ளைக்கார நண்பரை வீட்டுக்காரர் மாதிரி நிற்க வைத்தார்கள். வேறொரு அப்ரைசர் போட்டது 750,000. வழக்கானது; கடன் நிறுவனம் 2024இல் சமரசத்துக்கு வந்தது.

முதலில் அப்ரைசல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். லோன் கிடைக்காமல் போனாலும் நகல் தர வேண்டியது சட்டம். கோபத்தை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, பேனாவோடு உட்காருங்கள்.

நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேஜையில் விரித்துப் பார்த்தோம். 'காம்ப்ஸ்', அதாவது விலையை ஒப்பிட எடுத்த, ஏற்கெனவே விற்ற வீடுகள், மூன்று. அதில் இரண்டு வீடுகள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் தள்ளி, வேறு பள்ளி எல்லையில். எங்கள் தெருவிலேயே நான்கு மாதத்துக்கு முன் விற்ற வீடு அதில் இல்லவே இல்லை. கார்பெட் போட்டு, குளியலறை கட்டி, பேரன்கள் தூங்குகிற பேஸ்மென்ட், 'வேலை முடியாதது' என்று பதிவாகியிருந்தது. அந்த வரியில் விரலை வைத்தபடி அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. இப்படிப்பட்ட பிழைதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான சான்று. சதுர அடி, படுக்கையறை எண்ணிக்கை, வீட்டின் நிலை, அக்கம்பக்கத்தின் எல்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அடுத்தது ஆர்.ஓ.வி., அதாவது மதிப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் கடிதம். அப்ரைசருக்கு அல்ல, லோன் கொடுப்பவருக்கு எழுத வேண்டும், லோன் கையெழுத்தாகி முடிகிற க்ளோசிங்குக்கு முன்பே. வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் வழி போகும் லோன் என்றால் ஓர் அப்ரைசலுக்கு ஒரே வாய்ப்புதான்; அதிகபட்சம் ஐந்து காம்ப்ஸ் கொடுக்கலாம். அதனால் அவசரப்படாதீர்கள். அப்ரைசல் தேதிக்கு முன்பே விற்று முடிந்த வீடுகளாகப் பார்த்து முகவரி, விலை, தேதி, சதுர அடி, தூரம் எழுதுங்கள். புதுப்பித்த வேலைக்கான பில்களையும் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

இனப் பாகுபாடு என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள், தனிப் பத்தியாக. வந்தவர் என்ன கேட்டார், என்ன சொன்னார் என்பதை அன்றே குறித்து வைத்திருந்தால் நல்லது. மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்டில் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் 1968 சட்டத்தின்படி வழக்குப் போட இரண்டாண்டு அவகாசம். மாநில அப்ரைசர் வாரியத்திலும் முறையிடலாம்.

மூன்று வாரத்தில் பேஸ்மென்ட் திருத்தப்பட்டது, இரண்டு காம்ப்ஸ் மாறின, மதிப்பு 48,000 ஏறியது. மீதி 22,000க்காக அந்த அம்மா ஹட்டில் புகார் எழுதுகிறார். படங்களைக் கழற்றவில்லை, நானும் கழற்றச் சொல்லவில்லை.