ட்ரேட் ஃபேர்ல ஸ்டால் போடுறவங்க, மூணு வாரம் முன்னாடியே போனைக் கையில எடுங்க

முதல் தடவை சென்னை நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டர்ல ஒரு கட்டுமான எக்ஸ்போவுக்கு எங்க ஆத்தங்குடி கல்லை, அதாவது கையால செய்யுற பூப்போட்ட தரை டைல்ஸை, லாரியில ஏத்திக்கிட்டுப் போனோம். மூணு நாளும் கால் வலிக்க வலிக்க நின்னோம், வந்தவங்க பாதிப்பேரு சும்மா வழியில போறவங்கதான். ஊருக்கு வந்ததுக்கப்புறம் இன்ஸ்டாகிராம்ல போட்டோ போட்டா ஒரு ஆர்க்கிடெக்ட் கீழ எழுதுறாரு, "நீங்க வந்திருந்தீங்களா, நான் பக்கத்து ஹால்லதான் இருந்தேன், இந்தக் கல்லுக்காகத்தான் ரெண்டு மணி நேரம் சுத்தினேன்"னு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஸ்டால் வாடகை, லாரி வாடகை, சாப்பாடு எல்லாம் குடுத்துட்டு, வந்திருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டோமே!

அதுக்கப்புறம் நாங்க எப்படி பண்றோம்னு சொல்றேன். காரைக்குடி பக்கம் கண்டாங்கிச் சேலை நெய்யிறவங்க, ஓலைக் கொட்டான் (கூடை) பின்றவங்க, முறுக்கு சீடை பேக் பண்ணி விக்கிறவங்க எல்லாருக்கும் இது ஆகும்.

முதல் வேலை, ஸ்டால் நம்பர். எக்ஸ்போ நடத்துறவங்ககிட்ட ஹால் நம்பர், ஸ்டால் நம்பர் ரெண்டையும் கேட்டு வாங்கிட்டு, இன்ஸ்டா பயோ, வாட்ஸ்அப் பிசினஸ் ப்ரொஃபைல், கூகுள்ல நம்ம கடைப் பக்கம்னு மூணு இடத்துலயும் போட்டுருங்க. போடுற ஒவ்வொரு போஸ்ட்லயும் கடைசி வரியா தேதி, இடம், ஹால், ஸ்டால் நம்பர் இருக்கணும். "சென்னையில சந்திப்போம்"னு மட்டும் போட்டா அந்தப் பெரிய ஹாலுக்குள்ள நம்மள எங்கன்னு போய்த் தேடுவாங்க?

அடுத்தது என்ன காட்டுறதுன்றது, இதுலதான் நிறையப் பேரு கோட்டை விடுறாங்க. "அனைவரும் வருக"ன்னு கலர் கலரா ஒரு டிசைன் பண்ணிப் போடுறாங்க, அதை யாரும் நின்னு பாக்குறதில்ல. வேலை நடக்குறதைக் காட்டுங்க. எங்க பட்டறையில கண்ணாடி மேல இரும்பு அச்சை வச்சு, கலர் சிமெண்டுக் கரைசலை ஒவ்வொரு கட்டமா கரண்டியால ஊத்தி, கை அலுங்காம அச்சைத் தூக்கி, மேல காஞ்ச சிமெண்டு மணலைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பண்ணுவாங்க. காய வச்சு தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுத்தாதான் கல்லு இறுகும், சூளைக்கே வேலை இல்ல. கடைசியில அந்தக் கண்ணாடி கல்லை விட்டுப் பிரியும் பாருங்க, உள்ள இருந்து பூ டிசைன் பளபளன்னு வெளிய வரும். ரீல்ஸ்ல அந்த நொடியைத்தான் முதல்ல வைக்கணும், கரைசல் ஊத்துறதெல்லாம் அதுக்கப்புறம் வரட்டும், ஏன்னா முதல் ரெண்டு மூணு செகண்டுல கண்ணு நிக்கலன்னா விரல் தள்ளிட்டுப் போயிரும்.

காலை வெயில்ல எடுங்க, போனை நிமித்திப் பிடிச்சு எடுங்க. ஃபில்டர் வேண்டவே வேண்டாம், கலர் மாறிப்போச்சுன்னா நேர்ல பாக்குறவங்க "படத்துல வேற மாதிரி இருந்துச்சே"ன்னு கேப்பாங்க, கேட்டா அது நியாயம்தான். பிசினஸ் அக்கவுண்டுக்கு இன்ஸ்டாவுல சினிமாப் பாட்டு நிறைய கிடைக்காது, அதுக்காக வருத்தப்படாதீங்க, கரண்டி கண்ணாடியில படுற சத்தமே போதும். பழைய வீட்டு வளவுல தலைமுறை தலைமுறையா மிதிபட்டு மின்னுற தரையை ஒரு போட்டோவும், அதே டிசைன்ல நேத்து போட்ட கல்லை ஒரு போட்டோவும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, எங்களுக்கு அதுக்குத்தான் அதிகமா விசாரிப்பு வந்துச்சு. கண்டாங்கிக்காரங்க 2019ல கிடைச்ச புவிசார் குறியீட்டை மறக்காம எழுதுங்க, அதோட தறியில கட்டம் விழுறதையும் காட்டுங்க.

வாட்ஸ்அப்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒரே மெசேஜைப் பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒண்ணுக்கு 256 பேரைத்தான் சேக்க முடியும், அதுலயும் நம்ம நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாதான் மெசேஜ் போய்ச் சேரும். அதனால பழைய கஸ்டமர்கிட்ட முன்னாடியே "அண்ணே, நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கங்க, புது டிசைன் அனுப்புறேன்"னு சொல்லி வைங்க. சொந்தக்காரங்க குரூப், கோயில் குரூப்லல்லாம் கொண்டுபோய்க் கொட்டாதீங்க, பேரு கெட்டுப்போகும். உண்மையிலேயே வாங்கக்கூடிய ஒரு 40 பேருக்கு, ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் பண்றவங்க, ஹோட்டல் கட்டுறவங்களுக்கு, பேரு போட்டுத் தனித்தனியா எழுதுங்க, "செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு வந்தா கூட்டம் இருக்காது, நிதானமா பாக்கலாம்"னு நேரமும் சேத்து. கம்பெனி ஆளுங்களைப் பிடிக்க லிங்க்ட்இன்தான் சரி. எக்ஸ்போ நடத்துறவங்க பக்கத்தை டேக் பண்ணுங்க, முடிஞ்சா கொலாப் போஸ்டா, அதாவது ரெண்டு பேரு பக்கத்துலயும் ஒரே போஸ்ட் வர்ற மாதிரி, போடக் கேளுங்க, அவங்க ஃபாலோயருக்கும் நம்ம போஸ்ட் தெரியும்.

காசு போட்டு விளம்பரம் பண்றதுன்னா, ஏற்கனவே தானா நல்லா ஓடுன ரீல்ஸுக்கு மட்டும், அந்த ஊரைச் சுத்தி மட்டும், கடைசி ஒரு வாரம் போட்டா போதும். காசுக்கு ஃபாலோயர் வாங்குறது சுத்த வேஸ்ட்.

எக்ஸ்போ நாள்ல போனுக்குன்னு ஒரு ஆளை ஒதுக்குங்க, விலை பேசுறவரே வீடியோவும் எடுத்தா ரெண்டும் கெட்டுரும். எங்க மச்சினன்தான் எடுப்பாரு, நான் கல்லோட நிப்பேன். கூட்டமான ஹாலுக்குள்ள நெட்வொர்க் இழுக்கும், அதனால எடுத்து வச்சுக்கிட்டு வெளிய வந்து ஏத்துங்க, பவர் பேங்க் மறக்காதீங்க. முதல் நாள் காலையில வாசல்ல இருந்து ஸ்டால் வரைக்கும் நடந்துக்கிட்டே ஒரு வீடியோ எடுத்து ஸ்டோரியில போடுங்க, வழி தெரிஞ்சு வருவாங்க. ஸ்டோரி 24 மணி நேரத்துல போயிரும், தினமும் காலையில புதுசாப் போடணும். வந்தவங்க முகத்தைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுருங்க.

ஸ்டால்ல விசிட்டிங் கார்டை விட வேலை செய்யுறது ஒரு பெரிய க்யூஆர் கோடு. ஸ்கேன் பண்ணா நம்ம வாட்ஸ்அப் திறக்கும், அதுல "எக்ஸ்போ ஸ்டால்ல பாத்தேன்"னு முன்னாடியே எழுதி வச்சிருக்க மெசேஜ் நிக்கும், அவங்க அனுப்பு பட்டனைத் தட்டினா போதும், நம்பர் நம்மகிட்ட வந்துரும். உடனே பேரு, எந்த டிசைனைத் தொட்டுப் பாத்தாங்க, எத்தனை சதுர அடி, எல்லாத்தையும் நோட்டுல எழுதி, வாட்ஸ்அப்லயும் ஒரு லேபிள் போட்டுருங்க.

ஊர் திரும்பி ரெண்டு நாளுக்குள்ள அவங்க கையால தொட்ட அதே கல்லோட போட்டோவை அனுப்புங்க, கேட்லாக் முழுசையும் இல்ல, அந்த ஒரே கல்லை. போன தடவை ஒரு அம்மா பச்சையும் மஞ்சளும் கலந்த 10க்கு 10 இஞ்ச் கல்லை ரொம்ப நேரம் தடவிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போனாங்க. மறுநாள் சாயங்காலம் தண்ணித் தொட்டியில அதே கல்லு ஊறிக்கிட்டு இருக்க போட்டோவை அனுப்பினேன். "பூஜை ரூமுக்கு 60 சதுர அடி வேணும், எப்ப கிடைக்கும்"னு பதில் வந்துச்சு.