பிரெஞ்சு சினிமா பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

திரையில் ரயில் வந்ததாம், பார்த்தவர்கள் அலறியடித்து ஓடினார்களாம். பிரெஞ்சு சினிமா பற்றிய கட்டுரைகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துத் துண்டுப் படங்களில் அந்த ரயிலே கிடையாது. அன்று ஓடியவற்றில் ஒன்று, தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் தொழிலாளர்களைக் காட்டியது. ரயில் பிறகுதான் வந்தது. கூட்டம் ஓடியதற்கு அந்தக் காலத்துச் சாட்சி எதுவும் கிடைக்கவில்லை.

அப்புறம், 'புதிய அலைக்காரர்கள் பழையதையெல்லாம் தூக்கியெறிந்தார்கள்' என்ற வரி. புதிய அலை என்பது ஐம்பதுகளின் கடைசியில் இளம் பிரெஞ்சு இயக்குநர்கள் கிளப்பிய இயக்கம்; அவர்களில் பலர் முதலில் விமர்சகர்கள். அவர்களில் ஒருவரான த்ரூஃபோ, விமர்சகராக இருந்த 1954இல் வெளுத்து வாங்கியது, நாவலை எடுத்து திரைக்கதை எழுத்தாளர் மெருகேற்றித் தரும் 'தரமான' படங்களைத்தான். முந்தைய தலைமுறை இயக்குநர்களான ழான் ரென்வாரையும், 1934இலேயே இறந்துபோன ழான் விகோவையும் அவர் தலையில் வைத்துக் கொண்டாடினார். இவர்கள் படமெடுத்த 1930களைத் தாண்டிக் குதித்துவிட்டுப் புதிய அலையைப் பற்றி எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, ஒரே ஷாட்டின் நடுவில் வெட்டிச் சடக்கென முன்னே தாவும் ஜம்ப் கட் பற்றியது. இன்னொரு புதிய அலை இயக்குநரான கோதாரின் 'மூச்சுத் திணற' (1960) படத்தில் திறந்த காரில் போகும் காட்சி. கதாநாயகி ஜீன் செபெர்கின் பின்கழுத்தையே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். கழுத்து அங்கேயே இருக்க, பின்னால் பாரிஸ் தெரு மட்டும் சடக் சடக்கென மாறும். இதற்குப் பெரிய தத்துவமெல்லாம் எழுதுகிறார்கள். எழுதலாம், தப்பில்லை. ஆனால் படம் நீளமாகிவிட்டதால் ஷாட்டுகளுக்கு உள்ளேயே வெட்டியதாக கோதாரே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் தேவையும் துணிச்சலும் ஒன்றாகத்தான் வேலை செய்தன. இரவுக் காட்சிகளுக்கு வெளிச்சம் போதாமல், ஸ்டில் கேமரா ஃபிலிம் சுருள்களை ஒட்டவைத்துப் படம் பிடித்தார் ஒளிப்பதிவாளர் ரவூல் கூத்தார். டிராலி இல்லாத குறைக்கு அவர் உட்கார்ந்தது சக்கர நாற்காலியில். வசனம் முழுக்க டப்பிங்.

இயக்குநர் அன்யேஸ் வர்தாவைப் புதிய அலைப் பட்டியலின் கடைசியில், 'பெண்களும் இருந்தார்கள்' என்பதுபோல் சேர்ப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். புகைப்படக்காரரான அவர் 1954இலேயே தென் பிரான்ஸின் செத் ஊரின் மீனவர் குடியிருப்பில் தன் முதல் படத்தை எடுத்துவிட்டார். எடிட் செய்தவர் இயக்குநர் அலென் ரெனே. த்ரூஃபோ, கோதார் போன்றோரின் விமர்சகர் கும்பலில் வர்தா இல்லை, அதற்கு முன் அதிகம் படம் பார்த்தவரும் இல்லை. முப்பது வயது வாக்கிலேயே அவரைப் 'புதிய அலையின் பாட்டி' என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.