முன்தோல் நீக்கமும் பாலுறவு உணர்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்குறியின் நுனியை மூடியிருக்கும் தோலை அகற்றும் முன்தோல் நீக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, உணர்ச்சி குறைந்துவிடுமா, விறைப்பு பழையபடி இருக்குமா என்ற கவலை பெரும்பாலான ஆண்களுக்கு எழுகிறது. ஆனால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் இரண்டையும் ஒரே கேள்வியாக்கிவிடுகிறார்கள். ஆண்குறியினுள் இருக்கும் பஞ்சு போன்ற திசுக்களில் இரத்தம் நிரம்புவதால் விறைப்பு உண்டாகிறது. அதை இயக்கும் நரம்புகள் புராஸ்டேட் சுரப்பியை ஒட்டி உள்ளே வருகின்றன. தோலை மட்டும் அகற்றும் இந்தச் சிகிச்சையில் கத்தி அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. உணர்ச்சியின் கதை வேறு: அகற்றப்படும் தோலிலேயே நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன என்பதால், அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

நம் ஊரில் அதிகம் நிகழும் தவறு சர்க்கரை நோயோடு தொடர்புடையது. நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு முன்தோல் வெடித்து, தடித்து, பின்னுக்குத் தள்ள முடியாமல் இறுகினால், கட்டுப்படாத சர்க்கரையே பல நேரங்களில் அதற்குக் காரணமாக இருக்கிறது. அதே சர்க்கரை இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் மெல்ல மெல்லப் பாதித்து விறைப்பையும் குறைக்கிறது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் விறைப்புக் குறைவு வெளிப்படையாகத் தெரியும்போது, பழி முழுவதும் அறுவை சிகிச்சையின்மேல் விழுகிறது. உண்மையான நோய் கவனிக்கப்படாமல் போகிறது. சிகிச்சைக்கு முன்பே விறைப்பு எப்படி இருந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்றை உண்டாக்கக்கூடும் என்பதால், அவற்றை எடுத்துக்கொள்பவர்கள் அதையும் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த தவறு, ஏதாவது ஓர் ஆய்வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது. கென்யாவின் கிசுமு நகரில் 18 முதல் 24 வயது வரையிலான 2,784 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், பாலுறவுச் செயல்பாட்டுக் கோளாறுகளில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உணர்ச்சி முன்பைவிட மிகவும் கூடியிருப்பதாகவே கூறினார்கள். உகாண்டாவின் ராக்காய் ஆய்வில் இரண்டு ஆண்டுகள் கழித்து நிறைவு தெரிவித்தவர்கள் சிகிச்சை பெற்ற குழுவில் 98.4 விழுக்காடு, பெறாத குழுவில் 99.9 விழுக்காடு. இவை ஆறுதல் தரும் முடிவுகளே. ஆயினும் அங்கே கலந்துகொண்டவர்கள் எச்.ஐ.வி. தடுப்புக்காகத் தாமே முன்வந்த ஆண்கள் என்பதை மறந்துவிட்டு, குழந்தைப் பருவத்தில் செய்யப்பட்டவர்களுக்கும், விருப்பமின்றிச் செய்துகொண்டவர்களுக்கும் அதே முடிவைப் பொருத்துவது சரியன்று. சிறு வயதில் சுன்னத் செய்யப்பட்ட ஒருவருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய அனுபவமே இல்லை.

தொடு உணர்ச்சியை இன்பத்தின் அளவாக எடுத்துக்கொள்வதும் தவறுதான். கனடாவின் கிங்ஸ்டனில் 62 ஆண்களைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், மெல்லிய தொடுதலை மிக நன்றாக உணர்ந்த பகுதி முன்தோலே என்று தெரிந்தது. ஆனால் மொட்டின், அதாவது ஆண்குறி நுனியின், உணர்ச்சியில் முன்தோல் நீக்கியவர்களுக்கும் நீக்காதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. முன்தோலை இழந்தால் மொட்டு மரத்துப்போகும் என்ற பயத்துக்கு இது வலுவான மறுப்பு. அதே நேரத்தில் 2007இல் வெளியான தென்கொரிய ஆய்வு ஒன்றில், பெரியவர்களான பிறகு சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சுய இன்பத்தில் மகிழ்ச்சி குறைந்ததாகத் தெரிவித்தார்கள். அவர்களின் அனுபவத்தைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தோலை அளவுக்கு மீறி வெட்டினாலோ, தழும்பு இறுகினாலோ விறைப்பின்போது வலி வருவது உண்மை.

விந்து முந்துவதைச் சரிசெய்ய இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்வது பணத்துக்கும் உடலுக்கும் வீண். நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தம்பதியரிடம் கடிகாரம் கொடுத்து, உடலுறவு தொடங்கி விந்து வெளியேறும் வரையிலான நேரத்தை அளந்து 2005இல் வெளியிட்டபோது, முன்தோல் நீக்கியவர்களின் இடைநிலை நேரம் 6.7 நிமிடம், நீக்காதவர்களுடையது 6.0 நிமிடம், புள்ளியியல் நோக்கில் அது வேறுபாடே அன்று.

சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் உடலுறவையும் சுய இன்பத்தையும் தவிர்க்க வேண்டும். வெளியே புண் ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே திசு வலுப்பெற்றிருக்காது. அவசரப்பட்டால் தையல் பிரியும், தொற்றும் ஏற்படும். முதல் சில வாரங்களில் மொட்டு உள்ளாடையில் உரசிக் கூசுவது இயல்பு. அந்த நாட்களை வைத்து இனி எப்போதும் இப்படித்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். முன்தோல் நீக்கத்தால் பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது ஏறத்தாழ 60 விழுக்காடு குறைகிறது என்பதால் ஆணுறை தேவையில்லை என்றும் எண்ணக்கூடாது.

தோல் லேசாக இறுகியிருந்தால் ஸ்டீராய்டு களிம்பே பலருக்குப் போதும். மொட்டின் அடியில் தோலைப் பிணைத்திருக்கும் சிறு மடிப்பு மட்டும் குட்டையாக இருந்தால், அதை மட்டும் விடுவித்து முன்தோலைக் காக்கலாம். ஆனால் தோல் வெளுத்துத் தடித்துத் தழும்பாகியிருந்தால், உணர்ச்சி போய்விடுமோ என்ற பயத்தில் தள்ளிப்போடக் கூடாது. தோலை அப்படி மாற்றும் நோய் சிறுநீர்த் துளையையே சுருக்கிவிடக்கூடியது, அரிதாகப் புற்றுநோய்க்கும் வழிவிடுவது. அகற்றிய தோலைத் திசு ஆய்வுக்கு அனுப்பும்படி அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.