ஆட்சி மாற்றமும் இராணுவக் கூட்டணி உறவும்: ஒப்படை எழுதும் முறை

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் இத்தலைப்பில் ஒப்படை எழுதும்போது, தலைவர்களின் மேடைப் பேச்சுகளிலிருந்து தொடங்க வேண்டாம். கூட்டணி உறவை முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒப்பந்த உறுப்புரிமை, கூட்டுக் கட்டளை அமைப்பில் பங்கேற்பு, படைத்தளங்களும் ஆயுதங்களும். புதிய அரசாங்கங்கள் பெரும்பாலும் உறுப்புரிமையைத் தொடாமல் மற்ற இரண்டிலேயே கைவைக்கின்றன. 1966இல் ஜனாதிபதி டி கோல் பிரான்சை நேட்டோவின் ஒருங்கிணைந்த கட்டளை அமைப்பிலிருந்து விலக்கினார். ஆனால் அந்நாடு கூட்டணியை விட்டு ஒருநாளும் விலகவில்லை. 2009இல் சார்க்கோசியின் ஆட்சியில் கட்டளை அமைப்புக்கும் திரும்பியது.

அடுத்து, தேர்தல் நடந்த திகதியையும் கூட்டணி பற்றிய முடிவின் திகதியையும் அருகருகே எழுதி, எதிர்க்கட்சியாக இருந்தபோது சொன்னதை ஆளுங்கட்சியானபின் செய்தார்களா என்று பாருங்கள். இதற்கு ஸ்பெயினை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. 1982 மே மாதத்தில் கல்வோ சொட்டேலோவின் அரசாங்கம் நாட்டை நேட்டோவில் சேர்த்தது. அதனை எதிர்த்த சோசலிசக் கட்சி அதே ஆண்டு ஒக்டோபரில் வென்றது. பிரதமர் பெலிப்பே கொன்சாலஸ் வாக்குறுதியளித்தபடியே 1986 மார்ச்சில் சர்வசன வாக்கெடுப்பை நடத்தினார், ஆனால் கூட்டணியில் நீடிப்பதற்கே ஆதரவு கேட்டார். அவ்வாண்டு ஜனவரியில்தான் ஸ்பெயின் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்திருந்தது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். கட்டளை அமைப்பில் சேராமை, அணுவாயுதத் தடை, அமெரிக்கப் படையினரைக் குறைத்தல் ஆகிய நிபந்தனைகளுடன் மக்கள் சம்மதித்தனர். கொள்கை மாறியதா, விலை பேசப்பட்டதா என்பதை நீங்களே வாதிடலாம். என் கணிப்பு இரண்டாவது.

எதிர்மாறான உதாரணமும் தேவை. 1984இல் ஆட்சிக்கு வந்த நியூசிலாந்துத் தொழிற்கட்சி, மறு ஆண்டு அணுவாயுதம் தாங்கக்கூடிய அமெரிக்கப் போர்க்கப்பலொன்றுக்கு அனுமதி மறுத்தது. 1986இல் அமெரிக்கா, அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தானும் சேர்ந்த அன்சஸ் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் நியூசிலாந்து தொடர்பான தன் கடப்பாடுகளை இடைநிறுத்தியது. 1990இல் ஆட்சி மாறியபின்னும் தொழிற்கட்சி இயற்றிய அணுவாயுதத் தடைச் சட்டம் நீடித்ததால், எல்லா மாற்றங்களும் அடுத்த தேர்தலுடன் திரும்புவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

நமக்கு வடக்கேயுள்ள திருகோணமலையையும் விட்டுவிட வேண்டாம். 1947இன் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி அங்கும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியப் படைத்தளங்கள் இருந்தன. 1956இல் வென்ற பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1957இல் அவற்றைப் பொறுப்பேற்றது. அது கூட்டணியன்று, இருதரப்பு ஒப்பந்தம். ஆகவே உறுப்புரிமை பற்றிய பந்தியில் அல்லாமல், படைத்தளங்கள் பற்றிய பந்தியிலேயே அதனைச் சேர்க்க வேண்டும்.