கரண்ட் கட்டுக்குத் தயாராவது எப்படி? வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் ஒரு கணக்கு

2023-ல் மழை பொய்த்தது. அக்டோபரில் கர்நாடகம் முழுக்க மின்தட்டுப்பாடு. பெங்களூருக்கு 1905-ல் முதன்முதலில் கரண்ட் வந்ததே சிவனசமுத்திரத்துக் காவிரித் தண்ணீரில்தான். அதற்கும் முன்பாக, 1902-லேயே, நம் ஆட்கள் உழைத்த கோலார் தங்கவயலுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. ஆக, மழை குறைந்தால் மின்சாரம் இழுபறியாவது இந்தப் பக்கத்துக்குப் பழைய கதை. பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் வாடகை வீட்டிலும் சின்னக் கடையிலும் இருப்பவர்கள் பதறாமல் தயாராக ஒரு வழி சொல்கிறேன்.

1. முதலில் பேப்பரும் பேனாவும்

பேட்டரிக் கடைக்கு இப்போதே ஓடாதீர்கள். கரண்ட் போனாலும் ஓடியே ஆக வேண்டியவை எவை என்று எழுதுங்கள். சாதாரண ஃபேன் ஒன்றுக்குச் சுமார் 75 வாட், எல்.இ.டி. பல்புக்கு 9, வைஃபை பெட்டிக்கு 12 வாட் போலப் போடலாம். இரண்டு ஃபேன், நாலு பல்பு, வைஃபை சேர்த்தால் ஏறக்குறைய 200 வாட்.

12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியில், இரண்டையும் பெருக்கினால், 1,800 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு குறையும். இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். பாதியான 900-ல் அது போகக் கையில் நிற்பது 720 வாட்-மணி என்று வையுங்கள். 200 வாட்டுக்கு மூன்றரை மணி நேரம் வரும்.

2. சுமையைக் குறையுங்கள்

அந்த இரண்டு ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) மாற்றுங்கள். மொத்தச் சுமை 108 வாட்டுக்கு இறங்கிவிடும். அதே பேட்டரி ஆறரை மணி நேரம் தாங்கும். பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் காசை ஃபேனுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம், ஏனென்றால் கரண்ட் இருக்கும் நாளிலும் அது மிச்சம் பிடிக்கும். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லையும் நீங்களே கட்ட வேண்டும்.

3. பேட்டரியை வைக்கும் இடம்

காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். மூடிய அலமாரியிலோ படுக்கையறையிலோ வைக்கவே கூடாது. பேட்டரியின் தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை சிவப்புக் குறிக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

4. தண்ணீரும் மாவும்

ஒரு எச்.பி. மோட்டார் என்றால் 746 வாட். ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் பல மடங்கு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவதை பெங்களூரு மின்சார நிறுவனமான பெஸ்காம் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடும். அன்று காலையிலேயே சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டி) மேல் டாங்க்கை நிரப்பி, கிரைண்டரில் மாவும் அரைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அறிவிக்காமல் கரண்ட் போனால் 1912 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

5. கடைக்காரர்களுக்கு லாபம் எங்கே?

தெருவே இருட்டாக இருக்கும்போது விளக்கு எரியும் கடைக்குத்தான் ஆள் வரும். ஆனால் எதை ஓட்டலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷினும் லேசர் பிரிண்டரும் உருளையைச் சூடாக்கப் பல நூறு வாட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. இங்க் டாங்க் பிரிண்டருக்கு ஒரு குண்டு பல்பு அளவு கூட வேண்டாம், ஆதார் நகல் எடுக்க அது போதும். தையல் கடையில் மோட்டார் மெஷின் ஒன்றும் பல்பு ஒன்றும் தாராளமாக ஓடும். கட் இருக்கும் நேரத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கூட்டி வாங்காதீர்கள். அன்று வந்தவர் நாளைக்கும் வர வேண்டும், அதுதான் நிலையான வருமானம்.

6. சொந்த மொட்டைமாடி இருந்தால்

ஒரு கிலோவாட் சோலாருக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். இங்கே தினமும் சராசரியாக நாலு யூனிட் எதிர்பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டு இணைப்புக்கு மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. பில்லே வராத வீட்டுக்கு இதில் பெரிய ஆதாயம் இல்லை. மாதம் 300, 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு நல்ல லாபம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் கொளுத்தும் வெயிலிலும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று அப்படி அமைத்திருக்கிறார்கள். கட் நேரத்திலும் வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (சோலாரையும் பேட்டரியையும் சேர்த்து ஓட்டுவது) பேட்டரியும் கேட்டு, விலைப்பட்டியலில் அந்த இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.